படிவம் ஒன்றிலேயே (இடைநிலைப்பள்ளி முதல் வருடம்) பையன்கள் பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? அமெரிக்கப் பள்ளிகளில் செய்ததை இங்கே யாராவது செய்து பார்த்தீர்களா?

செந்தூல்_ஏர்கோன் (கோலாலம்பூர்)

வணக்கம். செந்தூலில் ஏர்கோன் (குளிர்சாதனம்) சர்வீஸ் செய்கிறேன். ஒரு வேன், கூட இரண்டு பையன்கள். கல்வித் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வருகிற பையன்களை முதலில் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன், அதனால் கேட்கிறேன்.

பக்கத்து பிபிஆர் (அரசின் ஏழைகள் குடியிருப்பு) அடுக்குமாடியிலிருந்து வேலை கேட்டு வருவார்கள். பதினைந்து, பதினாறு வயது. பள்ளிக்கூடம் என்ன ஆச்சு என்றால் "நின்னுட்டேன் அண்ணே" என்பான். எப்போது நின்றான் என்று அவனுக்கே தெரியாது, ஏனென்றால் எந்தப் பையனும் ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை மட்டும் போகமாட்டான். அப்புறம் முடி நீளமாக இருக்கிறது என்று கட்டொழுங்கு ஆசிரியர் எல்லார் முன்னாலும் திட்டினார் என்று ஒரு வாரம். எச்சரிக்கைக் கடிதம் வரும். அம்மா காலை ஷிப்ட், அப்பா லோரியில் ஜொகூர் போயிருப்பார். கடிதத்தைப் பையனே வாங்கிப் புத்தகப் பையில் வைத்துக்கொள்வான். அந்தப் பையைத்தான் வீட்டில் யாரும் திறப்பதில்லையே.

நான் வேலை கொடுத்தால் அவன் திரும்பப் பள்ளிக்குப் போகமாட்டான். கொடுக்காவிட்டால் அண்ணன் பேரில் கணக்கு வாங்கிச் சாப்பாடு டெலிவரி ஓட்டுவான், அல்லது வேறு ஆட்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வேறு ஆட்கள் யார் என்று எழுதத் தேவையில்லை.

முன்பெல்லாம் ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் தேர்வு முடிவு வந்தால் வீட்டில் ஒரு சண்டையாவது நடக்கும். அந்தத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், படிவம் மூன்றின் பிடி3 தேர்வை 2022இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது தப்பு என்று நான் சொல்லவரவில்லை, எனக்கே தேர்வு பிடிக்காது. ஆனால் அதோடு ஒரு பையன் முதன்முதலில் சந்திக்கிற பொதுத்தேர்வே படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். என்று ஆகிவிட்டது. பதினேழு வயது வரைக்கும் அவன் விழுந்துகொண்டிருக்கிறான் என்பது வெளியில் யாருக்கும் தெரியாமலே போய்விடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் ஒரு கட்டுரை அனுப்பினார். கலிபோர்னியாவில் ஓக்லண்ட் என்ற ஊரில், பள்ளி மாவட்டமே 2010இல் கறுப்பின மாணவர்களுக்காக, அதிலும் ஆண்பிள்ளைகளுக்காக, தனி அலுவலகம் திறந்திருக்கிறது. கிறிஸ்டோபர் சாட்மன் என்பவர் அதை நடத்தினார். உயர்நிலைப்பள்ளி நேர அட்டவணையிலேயே ஒரு பாடவேளை. நடத்துகிறவர் ஒரு கறுப்பின ஆண். கணக்கு, அறிவியல் போல அதுவும் ஒரு வகுப்பு. பையன்களை அங்கே 'ராஜா' என்றுதான் கூப்பிடுவார்களாம். தாமஸ் டீ, எமிலி பென்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் கணக்குப் பார்த்தபோது, அந்த வகுப்பு இருந்த பள்ளிகளில் கறுப்பினப் பையன்கள் பாதியில் நிற்பது 43 சதவீதம் குறைந்திருந்ததாம்.

43 என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிறகு நிதானமாகப் படித்தால், குறித்த காலத்தில் பள்ளியை முடிப்பவர்களின் விகிதம் கூடியது சுமார் 3 சதவீதப் புள்ளிதான் என்று இருக்கிறது. ஒரு வருடத்தில் நிற்பவர்கள் எண்ணிக்கையே சிறியது, அதில் 43 குறைந்தால் மொத்தக் கணக்கில் இவ்வளவுதான் தெரியும் போல. இருந்தாலும் நூறு பேரில் மூன்று பேர் என்றால் எங்கள் அடுக்குமாடியில் அந்த மூன்று பேரின் முகம் எனக்குத் தெரியும்.

நாங்கள் நண்பர்கள் சிலர் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை டியூஷன் நடத்துகிறோம். வருகிறவர்கள் எப்படியும் தேறிவிடுகிற பிள்ளைகள். வரவேண்டிய பையன் மண்டபத்துக்கு எதிரே மோட்டாரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே போய், படிவம் ஒன்று, அதற்கு முன்னால் மலாய் மொழிக்காக ஒரு வருடம் படிக்கிற புகுமுக வகுப்பு, இந்தப் பையன்களோடு வாரம் ஒருமுறை உட்காரலாமா என்று யோசிக்கிறோம். வெளியாட்களைப் பள்ளி உள்ளே விடுமா? எந்தப் பையன்களைச் சேர்ப்பது? உண்மையிலேயே பலன் இருக்குமா, அல்லது நம் மனநிறைவுக்குச் செய்கிற காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

---

பிறை_டீச்சர் (பினாங்கு)

தம்பி, நான் பட்டர்வொர்த், பிறை பக்கம் இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உன் கேள்வியைப் படித்ததும் பழைய கோப்பெல்லாம் கண்முன் வந்துவிட்டது.

உள்ளே விடுவார்கள். ஆனால் நீ நேராகப் போய்ப் பாதுகாவலரிடம் நின்றால் விடமாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவரைப் பிடி, அவர் வழியாகப் பள்ளி முதல்வருக்குக் கடிதம். முதல்வர் மாவட்டக் கல்வி இலாகாவைக் கேட்க வேண்டும் என்பார், அது மறுப்பு இல்லை, நடைமுறை. உன்னோடு வருகிற ஒவ்வொருவர் பேரையும் அடையாள அட்டை எண்ணோடு கொடு. பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்மேல் பாலியல் குற்றப் பதிவு இருக்கிறதா என்று சமூக நல இலாகா வழியாகச் சரிபார்க்க 2019 முதல் வசதி இருக்கிறது. பள்ளி கேட்கும் முன்னே நீயே செய்து கொண்டுபோ. நண்பன்தானே என்று யாரையும் விட்டுவிடாதே. பையனோடு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் உட்காரக் கூடாது, கோயில் தலைவராக இருந்தாலும் சரி.

இரண்டாவது, யாரைச் சேர்ப்பது. கட்டொழுங்கு ஆசிரியர் உனக்கு ஒரு பட்டியல் தருவார். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. பத்து முரட்டுப் பையன்களை ஓர் அறையில் போட்டால் அந்த அறைக்குப் பேர் கிடைத்துவிடும். "அது கேங்ஸ்டர் வகுப்பு" என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள், உள்ளே இருக்கிறவனும் அதற்கேற்ப நடப்பான். பாதிப் பேர் அமைதியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து காணாமல்போகிற பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களைத்தான் யாரும் எந்தப் பட்டியலிலும் போடமாட்டார்கள்.

புகுமுக வகுப்பைச் சொன்னாயே, அது சரியான இடம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் 'நம்ம பையன்' ஆக இருந்தவன், மலாய் மொழி போதவில்லை என்று அங்கே வந்து உட்காருகிறான். கூடப் படித்தவர்கள் படிவம் ஒன்று போய்விட்டார்கள். பதின்மூன்று வயதில் ஒரு வருடம் பின்னால். இதை ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து "இது தண்டனை இல்லை" என்று அவனிடம் சொல்வதில்லை. எஸ்.பி.எம். சான்றிதழே மலாய், வரலாறு இரண்டிலும் தேறினால்தான் கையில் கிடைக்கும். வரலாற்றுக் கட்டாயம் 2013இல் வந்தது. அந்த வரலாற்றையும் மலாயில்தான் எழுத வேண்டும். ஆக மொழி போனால் இரண்டும் போச்சு. உன் வழிகாட்டிகள் பையனோடு தமிழில் பேசட்டும், ஆனால் ஒருவராவது மலாய்க் கட்டுரை சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

தன்முனைப்பு முகாம் மட்டும் வேண்டாம். இரண்டு நாள், ஒரு டி-சட்டை, கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மாவை நினைத்து அழுகை, கடைசியில் குழுப்படம். என் காலத்தில் எத்தனை பார்த்தேன் தெரியுமா. திங்கட்கிழமை அந்தப் பையன் பள்ளிக்கு வந்தானா என்று எந்த ஏற்பாட்டாளரும் போன் செய்து கேட்டதில்லை.

---

கெடா_ரோடு (ஜார்ஜ்டவுன்)

டீச்சர் முகாமைப் பற்றிச் சொன்னதற்கு ஆதாரமே இருக்கிறது. நான் சிகாகோவில் சமூகப் பணி படித்தபோது முதல் பருவத்திலேயே இதை வைத்துத்தான் எங்களைப் பயமுறுத்தினார்கள். மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939இல் 506 பையன்களை எடுத்து, பாதிப் பேருக்கு வருடக்கணக்கில் ஆலோசகர், வீட்டுக்கு வருகை, டியூஷன், கோடைமுகாம் எல்லாம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் இரு பக்கத்தையும் தேடிப்பிடித்துப் பார்த்தால், உதவி பெற்றவர்களே பல விதத்தில் மோசமாக இருந்தார்கள். முகாமுக்கு ஒன்றுக்கு மேல் போனவர்கள் நிலைதான் இன்னும் மோசம். ஒரே மாதிரி பையன்களை ஒன்றாக விட்டால் ஒருவனுக்கொருவன் வாத்தியார் ஆகிவிடுகிறான் என்பது பிற்காலத்தில் சொன்ன விளக்கம். நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை நான் படித்ததில்லை.

இனி நல்ல செய்தி. சிகாகோவில் 'பிக்கமிங் எ மேன்' என்று ஒன்று, சுருக்கமாக 'பாம்' என்பார்கள். யூத் கைடன்ஸ் என்ற அமைப்பில் இருந்த டோனி டிவிட்டோரியோ 2001இல் தொடங்கியது. வாரம் ஒருமணி நேரம், பள்ளி நேரத்துக்குள், பத்துப் பதினைந்து பையன்கள் வட்டமாக உட்காருவார்கள். வேறு பாடத்தை விட்டுவிட்டு வரலாம் என்பதே பாதிப் பையன்களுக்குக் கவர்ச்சி, அதில் என்ன தப்பு? நடத்துகிறவர் சம்பளம் வாங்குகிற முழுநேர ஆள். தொண்டர் இல்லை. இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவனுக்கு முப்பது வினாடி, அந்த மூடிய கையிலிருந்து பந்தை எடுக்க வேண்டும். அடுத்த நொடி அறையே மல்யுத்தக் களம் ஆகிவிடும். விரலை முறுக்குவான், கீழே தள்ளுவான். முடிந்ததும் ஆலோசகர் அமைதியாகக் கேட்பார்: பந்தைக் கொடு என்று யாராவது வாயால் கேட்டீர்களா? கேட்டால் கொடுத்திருக்க மாட்டான் என்பார்கள். உடனே பந்து வைத்திருந்தவனிடம் திரும்பி, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்பார். கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான் அவன்.

பொறுமையாக இரு, கோபப்படாதே என்று உபதேசம் செய்யும் வகுப்பு இல்லை அது. தெருவில் உன்னை ஒருவன் முறைத்தால் நீ திரும்ப முறைப்பது சில சமயம் உன்னைக் காப்பாற்றும். அதை அவர்கள் மறுப்பதில்லை. அதே முறைப்பை வகுப்பில் ஆசிரியரிடம் காட்டினால் பள்ளியை விட்டுப் போக வேண்டிவரும். இப்போது நான் நிற்பது எந்த இடம் என்று ஒரு நொடி நின்று பார், அவ்வளவுதான் பாடம். செந்தூல் அண்ணன் சொன்ன முடி விவகாரம் இதேதான். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய பையனுக்கு அந்த நேரத்தில் மானம்தான் பெரிதாகத் தெரியும், எஸ்.பி.எம். தெரியாது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்தப் பையனுக்கு நிகழ்ச்சி, யாருக்கு இல்லை என்று குலுக்கல் போட்டு இதைச் சோதித்தார்கள். முதல் ஆய்வு 2009-10 கல்வி ஆண்டு, 18 பள்ளிகள், 2,740 பையன்கள். பிறகு 2013 முதல் 2015 வரை இன்னொன்று. நிகழ்ச்சி நடந்த காலத்தில் மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம், வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. முதல் ஆய்வுப் பையன்களைப் பின்தொடர்ந்தபோது பள்ளியை முடித்தவர்கள் 12 முதல் 19 சதவீதம் கூடியிருந்தார்கள். இவ்வளவுக்கும் ஒரு பையனுக்கு ஆன செலவு வருடத்துக்கு 2,000 டாலருக்கும் குறைவு. ஒபாமா 2014 பிப்ரவரியில் 'மை பிரதர்ஸ் கீப்பர்' திட்டத்தை அறிவித்தபோது இந்த நிகழ்ச்சியின் பையன்கள்தான் வெள்ளை மாளிகையில் அவர் பின்னால் நின்றார்கள்.

ஆனால் கைது குறைந்தது நிகழ்ச்சி முடிந்த பிறகு அப்படியே நீடிக்கவில்லை. ஆள் இருக்கும்வரை பலன், ஆள் போனால் மங்குகிறது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

---

பந்தாய்_வாசி (கோலாலம்பூர்)

எல்லாம் சரி. ஆனால் அவர்கள் கதை வேறு, நம் கதை வேறு. அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வெள்ளையர், கறுப்பர் தனித்தனிப் பள்ளி என்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954இல்தான். அதற்குப் பிறகும் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம், எந்த வங்கி கடன் தரும் என்பதில் எல்லாம் நிறம் இருந்தது. நாம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், வீட்டுமனையாக விற்றார்கள், நாம் புறம்போக்கில் பலகை வீடு கட்டினோம், அங்கிருந்து பதினேழு மாடியில் கொண்டுபோய் அடைத்தார்கள். நோய் வேறு, மருந்தை மட்டும் கப்பலில் இறக்கினால் எப்படி?

இன்னொன்று. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், மூன்று பேர் படுக்கிற அறையில் வாழ்கிற பையனுக்கு வாரம் ஒருமணி நேரம் 'வழிகாட்டி' கொடுத்தால் பிரச்சினை பையனிடம்தான் இருக்கிறது என்று ஆகிவிடாதா?

---

செந்தூல்_ஏர்கோன்

பந்தாய் அண்ணே, லிஃப்ட் விஷயம் நியாயம். அதற்குச் சண்டை போட வேண்டியவர்களோடு போடுவோம், நான் வருகிறேன். ஆனால் லிஃப்ட் சரியாகும்வரை பதின்மூன்று வயதுப் பையன் பதின்மூன்று வயதிலேயே காத்திருக்கமாட்டான்.

கெடா ரோடு, 'தொண்டர் இல்லை' என்பதை இரண்டு முறை படித்தேன். வயிற்றைக் கலக்குகிறது. எங்களிடம் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கே?

---

கெடா_ரோடு

பந்தாய் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வரலாறு வேறுதான். இருந்தாலும் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: எண்ணுகிறார்கள். 2010-11 முதல் மாநிலங்கள் ஒரே முறையில், நாலு வருடத்தில் எத்தனை பேர் உயர்நிலைப்பள்ளியை முடித்தார்கள் என்று இனவாரியாக வெளியிடுகின்றன. அந்த முதல் வருடம் கறுப்பின மாணவர்களில் 67 சதவீதம். 2021-22இல் 81 சதவீதம், நாட்டின் மொத்தச் சராசரி 87. இடைவெளி இன்னும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிகிறது, பள்ளி வாரியத்தில் போய்ச் சண்டை போட முடிகிறது. ஓக்லண்டில் அந்த அலுவலகம் பிறந்ததே எண்ணிப் பார்த்ததால்தான்.

பிரச்சினை பையனிடம் மட்டும்தானா என்ற கேள்விக்கு: வட கரோலினாவில் ஒரு பெரிய ஆய்வு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் கிடைத்தால்கூட, மிக ஏழ்மையான கறுப்பினப் பையன்கள் பின்னாளில் பள்ளியை விட்டு நிற்பது 39 சதவீதம் குறைந்தது. மாறியது பையன் இல்லை, அவன் முன்னால் நின்ற ஆள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் நமக்கு அது இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பல பையன்களுக்குத் தன் வீட்டு மொழி பேசுகிற பெரியவர் பள்ளி வளாகத்தில் ஒருவர்கூட இல்லாமல் போகிறது. ஏர்கோன் அண்ணன் அடைக்க நினைப்பது அந்த ஓட்டையைத்தான்.

பணம்: நாலு பேர் மாறி மாறி இலவசமாக வருவதைவிட, நாலு பேரும் பணம் போட்டு ஒருவருக்கு வாரத்தில் இரண்டு காலை நேரச் சம்பளம் கொடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், பகுதிநேரம் படிக்கிற பட்டதாரி, யாராவது. முகாமுக்கு டி-சட்டை அடிக்கிற காசு இதற்குப் போதும்.

---

ஜாலான்_ஈப்போ_அம்மா (கோலாலம்பூர்)

எல்லாரும் பையன், பையன் என்கிறீர்கள். என் மகள் படிவம் மூன்று. அவளுக்கு யார் வழிகாட்டி? நல்லா படிக்கிறாள் என்றால் தனியாக விட்டுவிடலாமா?

---

பிறை_டீச்சர்

அம்மா, கேட்டது சரி. பெண்பிள்ளைகள் விழும்போது சத்தம் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள், பள்ளியில் "குடும்பப் பிரச்சினை" என்று எழுதிக்கொள்வோம். ஓக்லண்டில் பையன்களுக்கு வைத்த வகுப்பால் கறுப்பினப் பெண்பிள்ளைகளும் கொஞ்சம் குறைவாக நின்றார்கள் என்று நானும் படித்தேன். ஆனால் அண்ணன்மார் வழியாக வரும் புண்ணியத்தை நம்பி உட்கார வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குத் தனிக்குழு, பெண் வழிகாட்டி. நீங்கள் முன்வருவீர்களா?

---

பாயான்_லெப்பாஸ்_தம்பி (பினாங்கு)

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் பேசுகிற அந்தப் பையன் நான்தான்.

வயது 22. பாயான் லெப்பாஸில் ஒரு பெக்டரியில் பராமரிப்புத் தொழில்நுட்பர். படிவம் நாலில் நின்றேன். பட்டர்வொர்த்தில் லோரி வொர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு மாமா என்னைப் பார்த்துக்கொண்டார். சொந்தம் இல்லை. எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வாராவாரம் வந்து உட்காருவார்கள், அவர் அதில் ஒருவர். மற்றவர்கள் எஸ்.பி.எம். வரைக்கும் இருந்தவர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பள்ளியை விட்டு நின்ற பிறகும் இவர் வந்தார். "பள்ளிக்கு வா" என்று சொல்லவே இல்லை. "சாப்பிட்டியா, தாப்பாவ் (பார்சல்) பண்ணவா" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் வருவார்.

அவர்தான் சொன்னார், எஸ்.பி.எம். இல்லாமலே எஸ்கேஎம் (தொழில்திறன் சான்றிதழ்) முதல் நிலை சேரலாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று. எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு எல்லாக் கதவும் சாத்தியாச்சு என்றுதான் நினைத்திருந்தேன். குளிரூட்டல் பிரிவில் சேர்ந்து மூன்றாம் நிலை வரை முடித்தேன். (ஏர்கோன் அண்ணே, நம்ம தொழில்தான்.) எஸ்.பி.எம். மலாய்த் தாளைத் தனியாக எழுதினேன். அந்த வொர்க்‌ஷாப்பில்தான் படித்தேன், கட்டுரை முழுக்க கிரீஸ் கறை.

வழிகாட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "உன் லட்சியம் என்ன" என்று கேட்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நாங்களும் வழக்கறிஞர், போலீஸ் என்று ஏதாவது சொல்லிவைப்போம், நீங்களும் கைதட்டுவீர்கள். "நாளைக்கு முதல் பாடம் என்ன, புத்தகம் இருக்கா, எந்த பஸ்ஸில் போறே" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாத பையன்தான் அடுத்த வாரம் வரமாட்டான்.

அப்புறம், நிற்கப்போகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு அண்ணன் எங்களோடு நாலைந்து வாரம் நன்றாக இருந்தார், புட்சால் எல்லாம் கூட்டிப்போனார், திடீரென்று வரவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம். அது தப்பில்லை. ஆனால் எங்களில் ஒருவன் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டே இருந்தான்.

---

கெடா_ரோடு

தம்பி சொன்ன கடைசி விஷயத்துக்கும் ஆய்வு இருக்கிறது. 1904இலிருந்து நடக்கிற 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் ஜோடிகளை வைத்து 2002இல் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவில்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்தால் பிள்ளையின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்துவிடுகிறது. அதாவது பாதியில் ஓடுகிற வழிகாட்டி, வராமலே இருந்திருக்கலாம்.

---

பந்தாய்_வாசி

தம்பி, படித்தேன். எஸ்கேஎம் பற்றிச் சொன்னது எங்கள் மாடியிலேயே நாலு வீட்டுக்குத் தேவை. ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு, 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியமும் சிலாங்கூர் கலும்பாங்கில் தொழிற்பயிற்சி தருகிறது, தங்கிப் படிக்கலாம். நான் மேலே எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஏர்கோன் தம்பி ஆரம்பித்தால் மலாய்க் கட்டுரை நான் சொல்லித்தருகிறேன். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் மலாயில் கடிதம் எழுதியே காலம் போனவன்.

---

பிறை_டீச்சர்

பார், ஒருவர் கிடைத்துவிட்டார்.

தம்பி, முதல் வருடம் ஒரே ஒரு வகுப்பு போதும். புகுமுக வகுப்பை எடு. அதே பையன்களோடு படிவம் ஒன்று, இரண்டு என்று நீயும் மேலே போ; ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆரம்பித்துப் புதிதாகப் படம் எடுக்காதே. புறப்பாட நடவடிக்கை நேரத்தைக் கேள், பாடநேரத்தை முதலில் தரமாட்டார்கள். தேர்வு மதிப்பெண் உயரும் என்று முதல்வரிடம் வாக்குக் கொடுக்காதே. வருகைப் பதிவைக் கேள். பள்ளியில் தினமும் கணினியில் ஏற்றுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் உன் பையன்களில் அந்த வாரம் வராதவர்கள் பேர் மட்டும் ஆலோசக ஆசிரியரிடமிருந்து கிடைக்குமா என்று கேள். கிடைத்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போ, எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன்னால் நீ போயிருக்க வேண்டும்.

கட்டொழுங்கு ஆசிரியரோடு சண்டை வேண்டாம். அவருக்கும் நாற்பது பையன்கள், ஒரு பிரம்பு, மேலே இருந்து அழுத்தம். முதல் வாரமே போய் அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக்கொடு. பையனை வெளியே அனுப்பும் முன் உனக்கு ஒரு போன் அடிக்கிற அளவுக்கு அவர் பழகிவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி.

கடிதத்தை மலாயில் எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

---

செந்தூல்_ஏர்கோன்

நன்றி டீச்சர். வரைவை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். பந்தாய் அண்ணே, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தம்பி, கேஎல் பக்கம் வந்தால் சொல், எங்கள் பையன்கள் முன்னால் பேச வேண்டாம், சும்மா வந்து கூட உட்கார்.

நண்பர்களோடு பேசினேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது என்று முடிவு. மூன்று வருடம் இருப்பேன் என்று சொல்கிறவருக்குத்தான். இப்போதைக்குத் தேவை: செந்தூல், ஜாலான் ஈப்போ வட்டாரத்தில், புதன்கிழமை மதியம் வேலையை விட்டு வரக்கூடிய ஆண்கள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர். ஜாலான் ஈப்போ அம்மா, உங்கள் பேரை எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை மட்டும்தான் முடியும் என்பவர்கள் மண்டபத்து டியூஷனுக்கு வாருங்கள், அங்கே கணக்குக்கு ஆள் இல்லை.